மேலிருந்து எடுத்த படங்கள்

சௌடாம்பிகை துணை

பாளையம்பட்டி,
3-10-2025, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பாவாவுக்கு,

வேணி எழுதுவது. நானும் பிள்ளை தேவிபிரியாவும் சுகம். நீங்களும் சுகம் என்று ஒவ்வொரு முறை போன் பேசும்போதும் சொல்கிறீர்கள். அதை நம்பலாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்று கேட்டால் நீங்கள் சிரிக்கிறீர்கள். இன்னொன்று கேட்டால், "சிக்னல் இல்ல, பெறகு பேசுறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். பக்கத்தில் யார் இருந்து காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியாது. காகிதம் என்றால் சிரித்து மழுப்ப முடியாது, முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும். புருஷனைப் பாவா என்று கூப்பிடவும் சண்டை போடவும் நமக்குத் தெலுங்குதான் வரும், எழுதத் தெரிந்தது தமிழ். அதனால் இன்றைக்குத் தமிழிலேயே போடுகிறேன்.

கடிதத்தைக் கொண்டுவருவது சந்தீப் தம்பி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மதுரையிலிருந்து காரியாபட்டி வழியாக ஒரு கூட்டத்தோடு சைக்கிளில் வந்து, நம் கடையில் காற்றடித்துக்கொண்டு திருச்சுழி வரை போய்த் திரும்புகிறாரே, அவரேதான். ஆற்றோரச் சாலை, மலை நிறையத் திராட்சைத் தோட்டம், கல்லால் கட்டின பழைய ஊர்கள் என்று போர்ச்சுகல் படங்களை உங்களுக்கு முதன்முதலில் காட்டியவரும் அவர்தான். அவர் காட்டினார், நீங்கள் மயங்கினீர்கள். அதை மோப்பம் பிடித்து ஏஜெண்ட் பூமிநாதன் வந்து, "அதே ஊர்ல சைக்கிள் மெக்கானிக் வேலை இருக்குண்ணே" என்றான். எனக்கு அன்றைக்கே அந்த ஆளின் பேச்சு பிடிக்கவில்லை. அருப்புக்கோட்டையில் பெடல் மாட்டுகிறவரைத் தேடி அங்கேயிருந்து எவன் கூப்பிடப் போகிறான் என்று கேட்டேன். பொறாமையில் பேசுகிறேன் என்றீர்கள். போகட்டும். சந்தீப் தம்பி இப்போது லீவு போட்டுவிட்டு அந்த ஆற்றோரச் சாலையிலேயே சைக்கிள் ஓட்ட வருகிற பத்தாம் தேதி கிளம்புகிறார். ஞாயிறன்று வந்து இதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

கடையை நான் அடைக்கவில்லை. பஞ்சர் ஒட்டப் பழகிவிட்டேன். வீல் பெண்டு எடுக்க மட்டும் என் தம்பி முனீஸ்வரன் மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறான். மழை இன்னும் இறங்கவில்லை. கரிசல் வெடித்துக் கிடக்கிறது. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் பருத்தி விதையை வாங்கி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வெயிலில், தண்ணீர் இல்லாத குண்டாற்றைப் பார்க்க மதுரைக்காரர்கள் எதற்கு அவ்வளவு தூரம் மிதிக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தேவிபிரியா காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் சறுக்கிவிட்டாள். அப்பாவிடம் சொல்லாதே என்றாள், அதனால் உடனே எழுதுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படங்களையெல்லாம் நேற்று முதலிலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். உங்கள் வேலை என்னவென்று சொன்னீர்கள்? வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் முன்னால் போவார்கள், நீங்கள் வேனில் ஸ்பேர் சாமான்களோடு பின்னாலேயே போவீர்கள், சங்கிலி அறுந்தால் இறங்கிச் சரிசெய்வீர்கள், தினம் ஒரு ஊர். அப்படித்தானே? பின்னால் வேனில் போகிறவருக்கு அவர்கள் முதுகுதானே தெரிய வேண்டும்? உங்கள் படங்களில் சாலை எங்கேயோ கீழே கிடக்கிறது. சைக்கிள்காரர்கள் எறும்பு மாதிரி ஊர்ந்து போகிறார்கள். எல்லாம் மேலிருந்து எடுத்த படங்கள். ஓரத்தில் கொடி இலை வேறு மறைக்கிறது. வேலை நேரத்தில் மலைமேல் உங்களுக்கு என்ன வேலை? யாரோடு ஏறி உட்கார்ந்திருந்தீர்கள்?

இன்னொன்றும் கேட்கிறேன். தினம் ஒரு ஊர் என்றால் எல்லாப் படத்திலும் அதே சர்ச் கோபுரம் எப்படி வரும்? மழை நாளில் எடுத்ததிலும் அதுதான், வெயில் நாளில் எடுத்ததிலும் அதுதான். "இன்னைக்கு வேற ஊருல இருக்கோம்" என்று நீங்கள் எழுதி அனுப்பிய படத்தில்கூட இலைக்கு நடுவே அது எட்டிப் பார்க்கிறது. என் காதில் பூச்சுற்றுவது என்று முடிவு செய்துவிட்டால், அந்தக் கோபுரத்தையாவது மறைத்துவிட்டுச் சுற்றியிருக்கலாம்.

ஆயுத பூஜைக்கு அனுப்பினீர்களே ஒரு படம், அதுதான் என்னைப் படுத்தியெடுக்கிறது. சுவரோரம் ஒரு சைக்கிள், ஹேண்டில்பாரில் சந்தனமும் குங்குமமும். பக்கத்து வீட்டுக் கோகிலாம்பாள் அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஏ வேணி, இது பொம்பளை சைக்கிளுல்ல? முன்னாடி கூடை வேற இருக்கு. யாரு சைக்கிளுக்குடி ஒன் வீட்டுக்காரவுக பொட்டு வச்சிருக்காக?" என்றார்கள். ரிப்பேருக்கு வந்ததாக இருக்கும் என்று சமாளித்தேன். "ரிப்பேருக்கு வந்ததுக்கெல்லாம் பொட்டு வப்பாகளாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு அழுதேன். அதை உங்களிடம் ஒளிப்பானேன்?

நேராகவே கேட்கிறேன். அது யாருடைய சைக்கிள்? மலைமேல் உங்களோடு உட்காருகிறவள் அவள்தானா? சந்தீப் தம்பியிடம் பதில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். எதுவாக இருந்தாலும் நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் புத்தி போன போக்கு உங்களுக்கும் தெரியட்டும்.

நேற்று அந்தப் படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகத் துழாவினேன். ஒரு வளையல், ஒரு செருப்பு, ஏதாவது அகப்படாதா என்றுதான் தேடினேன். அப்போதுதான் படத்தில் ஸ்பேனர் இல்லை என்பது கண்ணில் பட்டது. நம் கடையில் ஆயுத பூஜை என்றால் முதல் பொட்டு ஸ்பேனருக்கு. அப்புறம் பம்பு, சுத்தியல். கடைசியில்தான் சைக்கிள். "சைக்கிள் அடுத்தவன் சொத்து, சாமான்தான் நமக்குச் சோறு போடுது" என்று வருஷா வருஷம் எனக்குப் பாடம் எடுப்பீர்கள். அப்படிப்பட்டவர் ஒரு ஸ்பேனர்கூட இல்லாமல் சைக்கிளுக்குப் பொட்டு வைத்திருக்கிறார் என்றால் எப்படி? இன்னும் கீழே இறக்கிப் பார்த்தேன். படத்தின் அடி ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, மடித்த சாக்கின்மேல் குட்டையாக ஒரு கத்தரி இருந்தது. அதில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்திருந்தீர்கள். சைக்கிளுக்கு வைத்ததைவிட ஒழுங்காக வைத்திருந்தீர்கள்.

அது என்ன கத்தரி என்று எனக்குத் தெரியவில்லை. துணி வெட்டுகிறதும் இல்லை, முடி வெட்டுகிறதும் இல்லை. இன்று காலையில் சந்தீப் தம்பி காற்றடிக்க வந்ததும் காட்டினேன். "அக்கா, இது திராட்சைக் கொத்து வெட்டுற கத்தரிக்கா. அங்க இப்ப அறுவடை சீசனு" என்றார். கடிதத்தை அப்போது அவரிடம் கொடுக்க மனம் வரவில்லை.

அதன் பிறகு உங்கள் கையைப் பார்த்தேன். நீங்கள் முகம் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பின படத்தில் கன்னத்தில் கை வைத்திருக்கிறீர்கள். விரல் கறுத்திருந்ததைப் பார்த்து, கிரீஸ்தானே என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் சாயப்பட்டறைக்குப் போனவள் நான், எனக்கே தெரியாமல் போனதை என்ன சொல்ல? கிரீஸ் என்றால் உள்ளங்கை ரேகையெல்லாம் ஓடும், மண்ணெண்ணெயும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். உங்களுக்கு விரல் நுனியும் நகக்கண்ணும் மட்டும் கறுத்திருக்கின்றன. சாயம் ஏறினால்தான் அப்படி இருக்கும், இது திராட்சைச் சாறு. இடது கை விரலில் துணி வேறு சுற்றியிருக்கிறீர்கள். கொத்தைப் பிடிக்கிற கையைத்தானே கத்தரி பதம் பார்க்கும்?

மேலிருந்து ஏன் படம் எடுத்தீர்கள் என்று இப்போது தெரிகிறது. சைக்கிள்காரர்கள் கீழே போகிறார்கள், நீங்கள் மலைமேல் கூடையோடு நிற்கிறீர்கள். அவர்களுக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. அந்தச் சைக்கிளும் யாரிடமோ கேட்டு வாங்கிச் சுவரில் சாத்தி வைத்தது, என்னை நம்பவைக்க. என்னிடம் பொய் சொல்லத் துணிந்த நீங்கள், சோறு போடுகிற சாமானுக்குப் பொட்டு வைக்காமல் விடத் துணியவில்லை.

இன்னொருத்தி இல்லை என்று தெரிந்ததும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான், உங்களை எதற்கு அங்கே கொண்டுபோனார்கள் என்ற யோசனை வந்தது. இன்னொருத்தி என்றால் ஏசலாம், அடிக்கலாம், பஞ்சாயத்து வைக்கலாம். இதற்கு நான் யாரோடு போய் மல்லுக்கட்டுவேன்?

சும்மா இருக்க முடியவில்லை. டவுன் பஸ் பிடித்து நேராகப் பூமிநாதன் வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் அங்கே என்ன வேலை செய்கிறார் என்று மட்டும்தான் கேட்டேன். முதலில், "மெக்கானிக்குதான் தங்கச்சி" என்றான். நான் கத்தரியைச் சொன்னதும், "சீசன்ல கூடமாட ஒத்தாசை பண்றதுதான், வேலைன்னா எல்லாந்தான் இருக்கும்" என்றான். போதாததற்கு, "பாஸ்போர்ட்டு மொதலாளிகிட்ட பத்திரமா இருக்கு, நீ கவலைப்படாத" என்றான். பாஸ்போர்ட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை பாவா. கேட்காததற்கு எதற்குப் பதில் சொல்கிறான்? அந்த நிமிஷம்தான் உங்களை அங்கே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

வந்து எல்லாவற்றையும் சந்தீப் தம்பியிடம் போனில் சொன்னேன். அவருக்கு மனசு கேட்கவில்லை. "நான்தான அக்கா அந்தப் படத்தையெல்லாம் அண்ணனுக்குக் காட்டுனேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். நாளை சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வந்து இதை வாங்கிக்கொள்வாராம். நீங்கள் அனுப்பிய படத்திலிருந்த கோபுரத்தை வைத்து அது எந்த ஊர் என்றும் கண்டுபிடித்துவிட்டார். அவர்கள் கூட்டம் மிதித்துப் போகிற சாலைதானாம். இந்தப் பக்கத்தை மட்டும் போனில் படம் எடுத்து உங்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவேன். தம்பி மஞ்சள் பனியன் போட்டிருப்பார். உங்கள் படங்களில் கீழே தெரிகிற சாலை வளைவில் நின்று உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கூட்டத்தில் மற்றவர்களும் கூடவே நிற்பார்கள், அதனால் பயப்பட வேண்டாம். போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றுவிடாதீர்கள். கத்தரியைப் போட்டுவிட்டுச் சாலைக்கு இறங்கி வாருங்கள்.

பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கொடுக்க மாட்டேன் என்று அவர்கள் சொன்னாலும், அந்த நாட்டுத் தலைநகரத்தில் நம் தூதரகம் இருக்கிறதாம், ஊருக்கு வர வேறு தாள் கொடுப்பார்களாம். அதையெல்லாம் தம்பி விசாரித்து வைத்துவிட்டார். உங்களோடு வேறு நம் ஆட்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துக்கொண்டு இறங்குங்கள்.

இவ்வளவு வீராப்பாகப் போய்விட்டு எந்த முகத்தோடு திரும்புவது என்று யோசிப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? பூமிநாதனுக்குக் கொடுக்க வாங்கின கடனையும் நினைப்பீர்கள். அதை நாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். ஊர் பேசினால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு என்ன வாய் இல்லையா? ஆனால் நீங்கள் சொன்ன பொய்யை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அதற்கு நேரில் வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த உறைக்குள் இன்னொரு கடிதமும் இருக்கிறது. அதை உங்கள் முதலாளியிடம் காட்டுங்கள். இங்கிலீஷிலும் எழுதி உடன் வைப்பதாகச் சந்தீப் தம்பி சொல்லியிருக்கிறார். முதலில் நல்லபடியாகக் கேட்டுப் பார்க்கலாம் என்பது அவர் யோசனை. வீட்டில் ஒருவருக்கு ரொம்ப முடியவில்லை, உடனே வர வேண்டும் என்று அதில் எழுத வேண்டியிருந்தது. யாரை எழுதுவது என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் அம்மாவை எழுத மனம் வரவில்லை. தேவிபிரியாவை அப்படி நினைக்கவே கூடாது. அதனால் என்னையே எழுதிவிட்டேன். அதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள், நான் கல்லுமாதிரி இருக்கிறேன். பயந்தால்தான் வருவீர்கள் என்றால், பயப்படுங்கள்.

உங்களை முழுசாகக் கொண்டுவந்து சேர்க்கும்படி அம்மனைக் கேட்டுக்கொண்டே இருக்கும்,
வேணி