தோப்பு கேட்டில் புதுப் பூட்டு

ஞாயிறு இரவு.

ஆனைமலை அடிவாரத்து மண்பாதை இனி எனக்கில்லை. மலையை ஒட்டித் தென்னந்தோப்புக்குள் போகும் அந்த வழியில் சைக்கிள் ஓட்ட, தோப்புக்காரர் என்னை மட்டும்தான் விட்டிருந்தார். ஒரே ஒரு முறை சிநேகிதன் செந்திலைக் கூட்டிப் போனேன். அவன் அதை ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல் சைக்கிள் ஆப்பில் ஏற்றிவிட்டான். ‘கிராவல் ரூட், கேட் திறந்தே இருக்கும்’ என்று குறிப்பு வேறு.

இன்று காலை போனால் கேட்டில் புதுப் பூட்டு. தோப்புக்காரர் வந்து திறந்தார்.

“வாங்க கண்ணு. இளநி குடிச்சுப்போட்டுப் போங்க.”

குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு நசுங்கிக் கிடந்த சொட்டுநீர்க் குழாய்களைக் காட்டினார்.

“போன வாரம் ஒரு கூட்டமே வந்துதுங்க. உங்க சிநேகிதங்கன்னு சொன்னாங்க, உள்ள உட்டுப்போட்டேன். இனி ஆரும் வேண்டாமுங்க.”

“நானுமாங்க?”

“நீங்களுந்தானுங்க.”

மத்தியானம் செந்திலுக்கு போன் போட்டுச் சொன்னேன். “அதுக்கென்னடா, வேற ரூட்டு ஒண்ணு புடி. எல்லாருமே போலாம்” என்றான். எல்லாருமேயாம்! போனை வைத்துவிட்டேன்.

அவன்மேல் வந்த கோபம்கூட அடங்கிவிட்டது. தோப்புக்காரர் முகம்தான் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. என்னை வெளியே அனுப்பிப் பூட்டும்போதுகூட, “வெயில் ஏறுதுங்க, பாத்துப் போங்க கண்ணு” என்றார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.