ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

தலைமை நர்ஸ் இன்றைக்கும் என் மேசை முன்னால் வந்து நின்றார். "ஏம்மா, ஒரே ஆளுக்கு மூணு நம்பர். எந்த நம்பர்ல ரத்த ரிசல்ட் இருக்குன்னு தேடவே தனியா ஆள் போடணும் போல." நியாயம்தான். சீட்டைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்குக் கவுண்டரில் புது நம்பர் போட்டுவிடுகிறார்கள்.

எட்டு மாதமாகக் கண்ணாடியும் நானும் இந்த ஆஸ்பத்திரிக்கு மருத்துவப் பதிவேட்டு மென்பொருள் கட்டிக்கொண்டிருக்கிறோம். கணினிப் பிரிவில் மொத்தமே இரண்டு பேர். (கண்ணாடி என்பது அவருக்கு நான் வைத்த பெயர். மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் கீபோர்டு எங்கே என்றே அவருக்குத் தெரியாது.) அடிப்படை திறந்த மூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பொதுவில் வைக்கலாம். ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டருக்கு மட்டும் அது இன்னும் "ஓசி சாஃப்ட்வேர்". கம்பெனி மென்பொருள் வாங்கலாம் என்று மாதம் ஒருமுறையாவது ஆரம்பிப்பார்.

இரட்டைப் பதிவுகளை இணைக்க ஒரு நிரல் எழுதப்போகிறேன். பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி. மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள். வேறென்ன வேண்டும்?

மார்ச் 6, வெள்ளி

ஓட்டியாயிற்று! 1,140 ஜோடிகள் ஒன்றாகிவிட்டன. இரண்டு பதிவும் முரண்பட்டால் புதியது நிற்கும், பழையது போய்விடும்.

நிரலை, இணையத்தில் எல்லாரும் எடுத்துக்கொள்ளும் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றினேன், என் பெயரில். எங்கோ ஓர் ஆஸ்பத்திரிக்காரர், 'இரண்டு வருடத் தலைவலி தீர்ந்தது' என்று எழுதியிருக்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால், "என் ஒத்தை சாக்ஸையும் ஜோடி சேத்துக் குடேன்" என்கிறார். மனுஷன்!

மார்ச் 10, செவ்வாய்

இதுவரை நாற்பத்தொரு இடத்தில் என் நிரலை எடுத்திருக்கிறார்கள். நாற்பத்தொன்று!

மார்ச் 17, செவ்வாய்



காலையில் தலைமை நர்ஸ் ஸ்கேன் அறைக்குக் கூப்பிட்டார். "இந்தம்மாவுக்கு இடது கிட்னி எடுத்தாச்சுன்னு உன் கம்ப்யூட்டர் சொல்லுது. ஸ்கேன்ல ரெண்டும் ஜம்முன்னு இருக்கு, வயித்துல ஒரு தழும்பு இல்ல. யாரு வீட்டுக் கதைம்மா இது?" அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அந்தப் பதிவின் பிறந்த தேதியைப் பார்த்தேன். ஜனவரி ஒன்று.

நேரே கவுண்டர் அக்காவிடம் போனேன். "ஆமா, எல்லாருக்கும் அதான் போடுவோம். வயசு எவ்வளவுன்னு கேப்போம், அவங்க நாப்பதும்பாங்க, அம்பது இருக்கும்பாங்க. தேதி கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் மேல போக விடாது. அதனால ஜனவரி ஒண்ணு. ஏன், உனக்குத் தெரியாதா?"

தெரியாது. எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அந்தக் கவுண்டரில் போய் உட்கார்ந்து பார்த்ததில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று அடம்பிடித்ததும் நான்தான்.

1,140 ஜோடிகளில் 388 ஜனவரி ஒன்று. அதில் எத்தனை நிஜமாகவே ஒரே ஆள், எத்தனை ஒரே பெயருள்ள இரண்டு ஆள் – கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதைவிட மோசம், ஒன்பது பேருக்கு மருந்து ஒவ்வாமைக் குறிப்பே அழிந்துபோயிருக்கிறது. 'பென்சிலின் ஆகாது' என்ற பழைய குறிப்பு போய், வேறு யாருடையதோ 'ஒவ்வாமை ஏதுமில்லை' வந்து உட்கார்ந்திருக்கிறது.

கண்ணாடி கதவைச் சாத்தினார். "சத்தமில்லாம சரி பண்ணிடலாம். பெரிய டாக்டர் காதுக்குப் போச்சுன்னா அந்தக் கம்பெனிக்காரன் நாளைக்கே வந்து உக்காந்துடுவான். எட்டு மாச உழைப்பு, யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். சரி என்றேன்.

ஒன்பது பேரின் பதிவுகளையும் மதியத்துக்குள் பழைய பிரதியிலிருந்து பிரித்துவிட்டோம். மற்றதை ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். பதினோரு நாளாகப் புதுக் குறிப்புகள் அதன்மேல் ஏறியிருக்கின்றன, அப்படியே பின்னோக்கித் திருப்ப முடியாது.

மார்ச் 18, புதன்

ஒன்பது பேருக்கும் போன் போட்டேன். "வழக்கமான சரிபார்ப்புங்க" என்று சொன்னேன். எவ்வளவு சரளமாகப் பொய் வருகிறது எனக்கு! எட்டுப் பேர் கிடைத்தார்கள். ஒன்பதாவது, முப்பத்தைந்து வயதுப் பெண், தையல் வேலை. போன் அணைந்தே கிடக்கிறது. ஐந்து வருடம் முன்னால் பென்சிலின் ஊசியில் தொண்டை வீங்கி இங்கேதான் பிழைத்திருக்கிறார்.

அந்த நாற்பத்தொரு இடம்? அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள்? யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதானே இதன் அழகு என்று மேடையேறிப் பேசியவள் நான். இப்போது கூப்பிட்டுச் சொல்ல ஒரு பட்டியல்கூட இல்லை. களஞ்சியத்தில் 'நிறுத்துங்கள்' என்று ஒரு வரி போட்டால் போதும். போட்டால் பெரிய டாக்டருக்கும் தெரிந்துவிடும்.

நாளைக்குப் போடுகிறேன்.

மார்ச் 19, வியாழன்

போடவில்லை. கோழை.

மார்ச் 20, வெள்ளி

எழுதியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

சாப்பாட்டு நேரத்தில் ஒன்பதாவது பெண்ணின் முகவரிக்கே போனேன். கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா, "பல்லு வலி, கன்னம் இவ்ளோ பெருசா வீங்கிடுச்சு. இப்பதான் உங்க சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனா" என்றார். எங்கள் கிளை. அப்பாடா என்றுதான் முதலில் இருந்தது. அவர் பதிவைத்தான் செவ்வாய்க்கிழமையே சரிசெய்தாயிற்றே!

மாடிப்படி பாதி இறங்கும்போதுதான் உறைத்தது. கிளையில் இணைய இணைப்பு மோசம் என்று அவர்களுக்குப் பதிவுகளின் நகல் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போகும். அங்கே இன்னும் பழைய தப்புதான் இருக்கிறது.

போன் போட்டேன். பிஸி. மறுபடி பிஸி. ஆறாவது தடவை அங்கிருந்த நர்ஸ் எடுத்தாள். "இப்பதான் பென்சிலின் போட்டேன் மேடம். அவங்களுக்கு ஒரு மாதிரி... மேடம், மூச்சு விடமாட்டேங்கிறாங்க, வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆம்புலன்ஸில் இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். மூச்சுக்குத் தொண்டையில் குழாய் போட்டிருக்கிறார்கள், உயிர் இருக்கிறது. கூட வந்த நர்ஸ் அழுதுகொண்டே சொன்னாள்: "அவங்க சொன்னாங்க மேடம், எனக்கு ஆகாதுன்னு. ஆனா ஸ்கிரீன்ல ஏதுமில்லைன்னு இருந்துச்சே. ஊசிக்குப் பயந்து சொல்றாங்கன்னு நெனச்சேன்."

அந்தப் பெண்ணின் வாய்ச்சொல்லைவிட என் நிரலை நம்பியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமையே நான் வாயைத் திறந்திருந்தால், 'எல்லா நோயாளியையும் நேரில் கேளுங்க' என்று கிளைக்கு ஒரு போன் போயிருக்கும். ஒரே ஒரு போன். பாவி நான்.

மார்ச் 21, சனி

பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமையே தெரியும் என்பதையும். கண்ணாடி பேரை இழுக்கவில்லை. பக்கத்தில் இருந்த அவரே எழுந்து நின்று, "மறைக்கச் சொன்னது நான் சார்" என்றார்.

"ஓசியில கிடைச்சதைக் கட்டிக்கிட்டு அழாதீங்கன்னு அன்னிக்கே சொன்னேன்" என்றார் பெரிய டாக்டர்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "ஓசியில கிடைச்சது நல்லாத்தான் சார் இருக்கு. கெடுத்தது நான். மூடி மறைச்சதும் நான். அதுக்காக அந்த சாஃப்ட்வேரைப் போட்டு அடிக்காதீங்க."

களஞ்சியத்தில் எச்சரிக்கை போடப்போகிறேன் என்றதும், "ஊருக்கெல்லாம் தண்டோரா போடணுமா? வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்றேன், பொறு" என்றார். மூன்று நாள் பொறுத்ததன் பலன் மேலே இரண்டாம் மாடியில் படுத்திருக்கிறது. ஆஸ்பத்திரி பெயர் இல்லாமல், என் பெயரில் போட்டேன். 'உடனே நிறுத்துங்கள். ஏற்கெனவே ஓட்டியிருந்தால் ஒவ்வாமைக் குறிப்பை முதலில் பாருங்கள். இதனால் இங்கே ஒருவர் சாகக் கிடக்கிறார்.'

மார்ச் 23, திங்கள்

பதினேழு இடங்களிலிருந்து பதில். சிலர் திட்டியிருக்கிறார்கள், திட்டட்டும். முன்பின் தெரியாத ஒருவர் ராத்திரி பகல் பாராமல் ஒரு திருத்தம் எழுதி வைத்திருக்கிறார், இனி மனிதர் பார்த்துச் சரி சொல்லாமல் எதுவும் இணையாது. மீதி இருபத்து நான்கு இடம்? தெரியவில்லை.

குழாயை எடுத்துவிட்டார்கள். மூச்சு தானாக வருகிறது.

ஏப்ரல் 9, வியாழன்

அடுத்த மாதம் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். எனக்கும் வேலைநீக்கக் கடிதம் வந்துவிட்டது, மாதக் கடைசி வரைதான். அதுவரை காலை நேரத்தில் கவுண்டர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அந்த 388 ஜோடிப் பதிவுக்காரர்களில் வருகிறவர்களை நானே நேரில் கேட்டுப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். இருநூற்றுப் பத்து முடிந்தது.

இன்றைக்கு வரிசையில் அந்தப் பெண். மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். கன்னம் வற்றியிருந்தது, குரல் மட்டும் இன்னும் கரகரப்பு.

"உங்க பதிவைக் கெடுத்தது நான்தாங்க" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் சொன்னப்ப அந்தப் பொண்ணு என் மூஞ்சியவே பாக்கல. கம்ப்யூட்டரைத்தான் பாத்தா." மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ம். கேளுங்க."

"பிறந்த தேதி தெரியுமா?"

"ஏன் தெரியாது? ஆகஸ்ட் இருபத்திரெண்டு. இங்க யாரும் தேதி கேட்டதில்ல, வயசுதான் கேட்டாங்க."