ஈர மணல்

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

மரம் ஏற்றிய எங்கள் நீராவி ரயில் மலையிறங்கும்போது சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் மணல் தூவுவோம். அதை அடுப்பில் காயவைப்பது என் வேலை. நேற்று, மழையில் நனைந்து வந்த உன் கடிதத்தை முதலில் காயவைத்துவிட்டேன். காயாத ஈர மணல், அதைத் தூவும் குழாயில் அடைத்துக்கொண்டது. ரயில் கொஞ்ச தூரம் தன் இஷ்டத்துக்கு ஓடி, அடுத்த மேட்டில் நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை, பயப்படாதே.

“மணலை விட்டுட்டு எதைய்யா காய வெச்சே?” என்று டிரைவர் கத்தினார். கடிதத்தைக் காட்டினேன்.

திட்ட வாயெடுத்தவர், “வீட்டுல பென்சில்ல எழுதச் சொல்லு” என்று திரும்பிக்கொண்டார்.

அப்படியே செய். டிரைவர் விசில் ஊதுகிறார், ஓட வேண்டும். மை கரைந்து உன் கடைசி நாலு வரி போய்விட்டது. என்னைத் திட்டியிருந்தாலும் பரவாயில்லை, அதை மறுபடி எழுது.

உன் வீட்டுக்காரன்