மணியனின் கோணல் பல்

முக்கூடல்,
1912, ஐப்பசி

என் பிரியமுள்ள அண்ணாச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. உங்கள் மணியன் பிழைத்துக்கொண்டான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தை மாதம் தோள்துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, "ஏட்டி, உன் மருமகன் வந்திருக்கான், பாரு" என்று என் மடியில் போட்டீர்களே, அந்த நாய்க்குட்டி ஆடியில் நீங்கள் போனதும் சோற்றைத் தொடவில்லை. எலும்பும் தோலுமாகிவிட்டான். வந்தவர்களெல்லாம், "எசமான் போன துக்கம், இதுவும் கூடவே போயிரும்" என்று கண்ணைத் துடைத்தார்கள். நானும் அழுதேன், மறைப்பானேன்?

பதினாறாம் நாள் உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்துவிட்டு, மணியனுக்கும் ஓர் இலை போட்டோம். வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். பாயசத்தை வழித்து நக்கினான். முறுக்கைக் கடித்ததும் வீல் என்று கத்தி உதறினான். கூட்டம் ஓவென்று அழுதது. எனக்கு மட்டும் அழுகை நின்றுவிட்டது. பாயசம் இறங்குகிற துக்கத்தில் முறுக்கு மட்டும் ஏன் இறங்கவில்லை?

வாயைப் பிளந்து பார்த்தேன். கீழ்க் கோரைப்பல் இடத்தில் பால்பல் விழாமல் நின்றது. புதுப்பல் இடமில்லாமல் உள்பக்கம் சாய்ந்து முளைத்து, வாயை மூடும்போதெல்லாம் மேலண்ணத்தைக் குத்திப் புண்ணாக்கியிருந்தது.

மாட்டு வைத்தியருக்கு ஆள் அனுப்பினேன். நம் தாய்மாமா குறுக்கே நின்றார். "ஏட்டி, உங்க அண்ணன் உசிரே இதுக்குள்ளதான் நிக்கி. குறடு போட்டுக் கொன்னுராத."

"பட்டினி கெடந்தாத்தான் சாவும் மாமா, வழிய விடுங்க" என்றேன். மாமாவை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள், இல்லையா?

மணியன் தலையை என் மடியில் அழுத்திக்கொண்டேன். வைத்தியர் பால்பல்லைப் பிடுங்கிவிட்டு, "எடம் கெடச்சிட்டு தாயி. இனி தெனமும் கட்டைவிரலால புதுப்பல்லைப் பைய வெளிய தள்ளிக்கிட்டே இருங்க" என்றார். தள்ளினேன். இரண்டு தடவை கடியும் வாங்கினேன். ஒன்றரை மாதத்தில் பல் நிமிர்ந்துவிட்டது. இப்போது முறுக்குப் பானையை உறியில் தூக்கிவைக்க வேண்டியிருக்கிறது. மாமாவே இவனைத் திருடன் என்கிறார்.

ஆனால் ஒன்று, அண்ணாச்சி. வயிறு நிறையத் தின்ற பிறகும், நீங்கள் வயலிலிருந்து திரும்புகிற நேரத்துக்கு இவன் படித்துறைக்குப் போய் அக்கரையைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறான். இதற்கு நான் வாயைத் திறந்து பார்க்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் வரமாட்டீர்கள் என்று இவனுக்கு எப்படிச் சொல்வது?

இவன் உள்ளவரை பட்டினி கிடக்க விடமாட்டேன். தனியாகக் காத்திருக்கவும் விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் தங்கை,
மணியனுக்கு அத்தை