அனுவுக்கு ஒட்டிய அம்புக்குறி

அருள்புரம்

அன்பு மகள் சித்ராதேவிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குச் சுகமாகத்தான் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. டெல்லிக் குளிரில் நீ சளி, காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

உன் மதினி பாண்டீஸ்வரி பிள்ளை அனுவைத் தூக்கிக்கொண்டு உசிலம்பட்டியில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றோடு பதினோரு நாள். உனக்குச் சொன்னால் படிப்பு கெடும், சொல்லாதீர்கள் என்று உன் அண்ணன் முனீஸ் தடுத்தான். ஆனால் தப்பு செய்தது நான், நானே சொல்லாமல் வேறு யார் சொல்வது? காலேஜ் முடித்த பிறகும் இன்னொரு சர்டிபிகேட் படிப்பா என்று உன்னைக் கேலி செய்தவன்தான் நான். பெயர் கூட வாயில் நுழையவில்லை, அப்ளைடு பிஹேவியர் என்னவோ, இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பழக்குகிற படிப்பாம். ஆனாலும் ஐந்து வயதாகியும் பேசாத பிள்ளைக்காக நீ போனில் சொன்னதை ஒன்று விடாமல் செய்தேன். அழுவதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று நோட்டில் எழுதினேன். நாம் சொன்னதை அவள் செய்தால் உடனே ஒரு ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னாய். ஸ்டார் தீர்ந்துபோனது. பனியன் கம்பெனியில் துணி செக்கிங்கில் இருந்தபோது கொண்டுவந்த சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒரு ரோல் பீரோவில் கிடந்தது. பிள்ளைக்கு எதுவானால் என்ன என்று அதை எடுத்தேன். புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அன்றைக்குத்தான் அனு கத்தாமல் டம்ளரை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். முதல் தடவை! சந்தோஷத்தில் அவள் கவுனிலேயே ஐந்து ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். அவளும் சிரித்தாள். ஷிப்ட் முடிந்து வந்த பாண்டீஸ்வரி வாசலிலேயே நின்றுவிட்டாள். "காலையில இருந்து டேமேஜ் பீசுக்கு இதத்தான் ஒட்டிட்டு வாறேன் மாமா. எம்புள்ளைக்கும் ஒட்டிட்டீகளா?" என்று கேட்டாள். சத்தம் போட்டிருந்தால் கூடத் தேவலை. ஒவ்வொன்றாக உரித்துத் தரையில் போட்டாள், அனு அலறினாள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் மேல் குற்றமில்லை. ஊரெல்லாம் பிள்ளையைக் குறை சொல்ல, வீட்டிலும் நான் அடையாளம் குத்திவிட்டதாக நினைத்து, மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டாள். நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. முனீஸ், கொஞ்ச நாள் ஆறட்டும்ப்பா என்கிறான். ஒரு நாள் பழக்காமல் விட்டாலும் பழகியது மறந்துபோகும் என்று நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. உன் அம்மாவும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நாலு நாளைக்கு முன்னால் தண்ணீர் பிடிக்கக் குனிந்தபோது ஒன்று பார்த்தேன். தண்ணீர்க் கேனில், அனுவின் உயரத்தில், ஒரு சிவப்பு அம்புக்குறி. நுனி நேராகக் குழாயைப் பார்த்து இருக்கிறது. கை தவறி ஒட்டியிருப்பாள் என்று விட்டிருப்பேன். ஆனால் பிஸ்கட் டப்பா இருக்கும் அலமாரிக் கதவிலும் ஒன்று, டப்பாவைப் பார்த்தபடி. அனு இதுவரை எதையும் விரல் நீட்டிக் காட்டியதில்லையே கண்ணு. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? பாண்டீஸ்வரியிடம் சொன்னால் நம்புவாளா? போட்டோ எடுத்து அனுப்பினேன், அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, தலை ஈரத்தோடு வெளியே போகாதே. உன் மேடத்திடம் கேட்டு, நான் என்ன செய்யலாம் என்று எழுது. நீ நினைத்தது எல்லாம் கைகூடி, நூறு பிள்ளைகளுக்கு நல்லது செய்து நீ நன்றாக இருக்க வேண்டும். கேன் போடுகிறவர் காலி கேனைக் கேட்டு இரண்டு முறை வந்துவிட்டார். நான் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
சோணைமுத்து