இருபத்தெட்டு அங்குலத்தில் ஷார்ஜா

அக். 9, வியாழன்

காலையிலிருந்து தூறல். வலங்கைமான் கடைத்தெரு முழுக்கச் சேறு. குறுவை அறுப்பு பாதியில் நிற்கிறது. அதனால் அறுப்பு மெஷின்காரர்கள் எல்லாரும் கிழிந்த சீட்டைத் தூக்கிக்கொண்டு என் சீட் தையல் கடைக்கு. இன்று மூன்று சீட். ஒன்றுக்குள் எலி குடித்தனம்.

அடுத்த புதன் காலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு விமானம். நாலு மணி நேரம். என் மனைவி செண்பகத்துக்கு டிஸ்க் விலகி இரண்டு வருஷம், அரை மணிக்கு மேல் ஓரிடத்தில் உட்கார முடியாது. டாக்டர் "போகலாம், அடிக்கடி எந்திரிச்சு நடங்க" என்றார். அங்கே இருக்கும் மகள் கவிதாவின் பிரசவத்துக்குத்தான் போக முடியவில்லை. பேத்தி பிறந்து ஒரு மாதம், அன்றிலிருந்து செண்பகத்தின் முகம் சரியில்லை. குளிப்பாட்டப் போகிறவளே அங்கே போய்ப் படுத்துவிட்டால் கவிதாவுக்கு இரண்டு கைக்குழந்தை. எனக்குப் பயம்தான். அவளிடம் சொல்லவில்லை.

எதிர்க்கடை பஷீர் பாய் டீ குடிக்க வந்தார். பதினெட்டு வருஷம் ஷார்ஜாவில் இருந்தவர்.

"பிளேன் சீட்டெல்லாம் ஒரு சீட்டா? முன்னால இருக்கறவர் சாஞ்சார்னா அவர் தலைக்கு நீங்க எண்ணெய் தேய்ச்சு விடலாம்."

அக். 11, சனி

மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் விமான சீட் அளவு அனுப்பினார். சீட்டுக்கும் சீட்டுக்கும் இருபத்தெட்டு அங்குலம். அகலம் பதினேழு. தப்பாக அடித்துவிட்டார் என்று போன் செய்தேன். "சரியாத்தான் இருக்கு மாமா." மினிபஸ்ஸுக்கு நான் இப்படி வைத்துக் கொடுத்தால் ஓனர் சீட்டைக் கழற்றி என் தலையிலேயே போடுவார்.

மாலையில் செண்பகத்துக்குக் குஷன். முதல்தர ஸ்பாஞ்ச், நாலு அங்குலம், மேலே மெரூன் வெல்வெட், பின்னால் முதுகெலும்பு படாமல் பள்ளம். முப்பது வருஷத்தில் யாருக்கும் இவ்வளவு பார்த்துத் தைத்ததில்லை. அமுக்கிப் பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் தச்சீங்க. எனக்குன்னு ஒண்ணு வர, இடுப்பு போக வேண்டியிருக்கு."

அக். 12, ஞாயிறு

நல்ல வெயில். கடை லீவு. ஒத்திகை.

ரிப்பேருக்கு வந்த மினிபஸ் சீட் இரண்டை முன்னும் பின்னும் போட்டு, டேப் பிடித்து, சரியாக இருபத்தெட்டு அங்குலம். குஷன் போட்டு அவள், பக்கத்தில் நான். என் முட்டி முன்சீட்டில். மடியில் எலுமிச்சைச் சோறு. பாதி திறந்த ஷட்டர் வழியாக மெஷின் டிரைவர் ஒருவர் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, பஸ் எப்ப கெளம்பும்?"

"டிக்கெட் எடுத்துட்டு ஏறுங்க தம்பி" என்றாள் செண்பகம். மனுஷர் வந்த வேலையைச் சொல்லாமலே போய்விட்டார்.

ஐம்பது நிமிஷம் தாங்கினாள். "பரவால்லங்க" என்று எழுந்தாள். வலி இருந்தால்தான் அவள் பரவாயில்லை என்பாள்.

அக். 14, செவ்வாய்

மூட்டை: வசம்பு, கஸ்தூரி மஞ்சள், பயத்தமாவு, பிரசவ லேகியம், பூண்டு, பழைய வேட்டித் துணி ஒரு கட்டு. கசகசா கூடாது. அந்த ஊரில் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களாம், பஷீர் பாய் இரண்டு தடவை சொன்னார். எனக்கு: சட்டை நாலு, தையல் டேப் ஒன்று (அவளுக்குத் தெரியாது).

மறுபடி மழை.

அக். 15, புதன். ஷார்ஜா, மாலை.

வந்து சேர்ந்தாயிற்று.

ஜன்னலோரம் ஒரு கனமான மனிதர், நடுவில் நான், நடைவழிப் பக்கம் அவள். ஏறியதும் டேப் பிடித்தேன். மாப்பிள்ளை சொன்னது சரி. அடிமெத்தையை விரலால் அமுக்கினால் உடனே பலகை. கை சும்மா இருக்கவில்லை, ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். உள்ளே வெல்க்ரோ ஒட்டுப்பட்டை போலிருக்கிறது, சர்ரென்று பெரிய சத்தம். பணிப்பெண் ஓடி வந்தாள்.

"சார், என்ன தேடறீங்க?"

"ஸ்பாஞ்சைத் தேடறேன்மா."

அந்தப் பெண் சிரித்தாள். செண்பகம் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

அடுத்தது குஷன். அவள் உட்கார்ந்ததும் கால் தரைக்கு எட்டவில்லை. ஒத்திகை பார்த்த மினிபஸ் சீட் இரண்டு அங்குலம் அமுங்கிப்போன பழசு. நானே ரிப்பேருக்கு வாங்கி வைத்திருந்தது. தொழில்காரன் செய்கிற தப்பா இது? பத்து நிமிஷத்தில் "கால் மரத்துப்போகுதுங்க" என்றாள். எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வெல்வெட்டைப் பார்க்கவே வெட்கம்.

ஒரு மணி நேரமாகப் பெல்ட் விளக்கு அணையவே இல்லை. எழுந்து நடக்கவும் வழியில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுக் கைப்பிடியைத் தூக்கிவிட்டு, "இப்படி சாஞ்சுக்க" என்றேன். வலது கையைப் பின்னால் விட்டு அவள் இடுப்புப் பள்ளத்தில் முஷ்டியை முட்டுக் கொடுத்தேன். "கொஞ்சம் கீழ" என்றாள். இறக்கினேன். "ம்" என்றாள். தூங்கிவிட்டாள்.

மூன்று மணி நேரம். சாப்பாட்டு வண்டி வந்தது, தலையாட்டி அனுப்பினேன். பாத்ரூம் போக வேண்டும், போகவில்லை. ஜன்னல்காரர் இந்தப் பக்கம் சரிந்தார், முன்னால் இருந்தவர் பின்னால் சாய்ந்தார். தோளுக்குக் கீழே கை இருப்பதே தெரியவில்லை. அவள் குறட்டை மட்டும் நன்றாகக் கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

இறங்கும்போது அவள் நிமிர்ந்து விறுவிறுவென்று முன்னால். நான் கோணிக்கொண்டு பின்னால்.

வீட்டுக்கு வந்து கை கழுவிய கையோடு பேத்தியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். கவிதா கேட்டாள், "உக்காந்து வர ரொம்ப கஷ்டமா இருந்துச்சாம்மா?"

"அதெல்லாம் இல்லடி. உங்கப்பா சும்மா குறை சொல்லிக்கிட்டே வந்தாரு. நல்ல சீட்டுதான்."