அம்மாவின் இடது காது

27 ஞாயிறு
காலையில் தூறல். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கருவாட்டுக் குழம்பு நான்தான் வைத்தேன். உப்பு கொஞ்சம் கூட.

பம்பை அடிக்கும்போது அம்மா விழுந்தாள். சுற்றிலும் குலவை. "ஆத்தா வந்துட்டாடி!" மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "தாயே, எம் புள்ள இன்னும் காண்ட்ராக்ட்லயே கீறான். பர்மனென்ட் ஆவானா?"

அம்மாவின் கண்மணி இரண்டும் ஒரே பக்கமாகத் துடித்துத் துடித்து ஓடின. என் கையைத் தேடிப் பிடித்தாள். "புடிச்சுக்கோடி. தரை சுத்துது." அப்புறம் வாந்தி. அதையும் ஆத்தா என்றார்கள்.

சாமி இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. என் கழுத்தில் இருக்கும் வெண்புள்ளி தெரியாமல் துப்பட்டாவை இழுத்துக்கொண்டு நின்றேன்.

28 திங்கள்
வெயில். அம்மா கம்பெனிக்கு லீவ். இடது காதில் மோட்டார் ஓடுகிற மாதிரி இரைச்சலாம். அடைப்பு. போன மாதமும் கம்பெனி பஸ்ஸில் தலை சுற்றல். சாப்பிடாமல் போனதால் என்று இருந்தோம்.

நான் பேசுவது யாருக்கும் கேட்காது. பள்ளியில் படித்தபோது "இன்னா? இன்னா?" என்று கிண்டல். அம்மா மட்டும் ஒருமுறைகூட அப்படிக் கேட்டதில்லை. இன்று கேட்டாள். திரும்பவும் கேட்டாள்.

30 புதன்
பெரிய ஆஸ்பத்திரி. காது டெஸ்ட். டாக்டரம்மா சொன்னது அம்மாவுக்குப் பாதிதான் கேட்டது. நான் பேச வேண்டியதாயிற்று. "சத்தமா சொல்லும்மா. எனக்கே காது டெஸ்ட் எடுக்கணும் போல" என்றார் அவர்.

மெனியர் நோயாம். உள்காதில் நீர் கூடிவிடுவது. கேட்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையலாம்.

அப்புறம் அம்மாவின் விரல்களைப் பார்த்தார். "காலைல எழுந்ததும் மடக்க முடியுதா?" முடியாது. கம்பெனியில் கார் வயர் செருகும் வேலையால் வீக்கம் என்றுதான் நினைத்தோம். அப்புறம் என் கழுத்து. "இது எப்ப வந்துச்சு?" எட்டாம் வகுப்பில். அதனால்தான் பள்ளியை விட்டேன் என்பதைச் சொல்லவில்லை.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே சொந்த உடம்பைத் தாக்குமாம். வெண்புள்ளி அப்படி வருவது. விரல் வீக்கமும் அப்படி இருக்கலாம். அந்த மாதிரிக் கோளாறு உள்ளவர்களிடம் இந்தக் காது நோயும் கூடுதலாகக் காணப்படுகிறதாம். எல்லோருக்கும் வராது. ரத்த டெஸ்ட் பார்க்க வேண்டும். "அப்படி இருந்தா அடுத்த காதுக்கும் வரலாம். மூட்டு டாக்டரையும் பாருங்க. விட்டுறாதீங்க."

விரல், காது, என் கழுத்து. காவல்காரனே கல்லெறிகிறானா? பஸ்ஸில் துப்பட்டாவுக்குள் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரகடம் தாண்டியதே தெரியவில்லை.

உப்பு குறைக்கணும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் கூடாது.

31 வியாழன்
கேஸ் சிலிண்டர் வந்தது. உப்பு குறைத்த ரசம். அம்மா பாதியிலேயே எழுந்துவிட்டாள்.

"மூட்டு டாக்டராண்ட எப்பம்மா போறது?"

"இன்னா?"

மறுபடி கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம். வெளிய வாய் தொறக்காத. சாமின்னா கால்ல வுழுவாங்க. சீக்குன்னா கம்பெனி கேட்டாண்டயே நிறுத்திடுவாங்க."

1 வெள்ளி
காற்று, புழுதி. துவைத்ததெல்லாம் வீண். அம்மாவுக்கு செகண்ட் ஷிப்ட். காலையில் செல்வி அக்கா எலுமிச்சம்பழம், கற்பூரத்தோடு வந்தாள். கூட இன்னும் சில பெண்கள். குறி கேட்கவாம். அம்மா என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள்.

கற்பூரம் ஏற்றியதும் சுவரைப் பிடித்தாள். கண்ணில் மறுபடி அதே ஓட்டம். நடிப்பு இல்லை. "வந்துட்டா! வந்துட்டா!" செல்வி அக்கா அம்மாவின் தலையைப் பிடித்து ஆட்டப் போனாள்.

"தொடாதீங்க! சாமி இல்ல! எங்கம்மாவுக்குக் காதுல நோவு!"

என் குரல்தான். தெருவில் பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். துப்பட்டா எங்கே போனதோ தெரியவில்லை. செல்வி அக்கா என் கழுத்தையே பார்த்தாள்.

அம்மா சுவரை விடாமல் மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி இப்டி கத்துற?"

கேட்டிருக்கிறது.